ஆப்பிள் தபால்தலையும் குப்பைக்குப் போன உறையும்

ஜப்பானின் எஹிமேயில், துறைமுகத் தெருவில் இருக்கும் என் புகையிலைக் கடையில் தபால்தலையும் விற்பேன். தமேஜி அப்படித்தான் பழக்கம். ஆரஞ்சுக் கிடங்கில் பழம் தரம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்கப் பழத்தோடு கிடந்துவிட்டு, கடைக்கு வந்து பழம் போட்ட தபால்தலை கேட்பார்.

"ஏம்ப்பா, பாத்த பழம் போதாதா?"

"எம் பொண்ணுக்குப் பழமும் குழந்தைங்களும் இருந்தாத்தான் பிடிக்குது அக்கா. கோயில், கொக்கெல்லாம் வேணாங்கிறா."

மகள் சிஹாருவை மடியில் வைத்துக்கொண்டு பேரிக்காய், செர்ரி, பட்டம் விடும் பிள்ளைகள் என்று ஆல்பத்தை நிரப்பினார். அவளுக்கு எட்டு வயதானபோது மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு பிள்ளையோடு போய்விட்டாள். வேறு கல்யாணமும் செய்துகொண்டாள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் நாட்டில் பிரிந்தால் பிள்ளை ஒருவருக்குத்தான். மற்றவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த முறையை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருஷம் கழித்து, மதிய வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆப்பிள் கடிக்கும் சிறுமி போட்ட தபால்தலை. மகள் கையெழுத்து. இடைவேளையில் நிதானமாகப் படிக்கலாம் என்று, உறையைப் பிரித்துக் கடிதத்தை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்தார். கை சும்மா இருந்ததா? தபால்தலையைக் கத்தரித்து, ஒட்டிய தாள் கழன்று வரத் தண்ணீரில் ஊறப்போட்டு, மிச்ச உறையைக் குப்பைப் பையில் திணித்து, பையைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போனார். சேகரிப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

கிடங்கில் உட்கார்ந்து படித்தார்: "ஸ்டாம்ப் உங்களுக்காகத் தேடி வாங்கினேன். அம்மாவுக்குத் தெரியாது. விலாசம் உறைக்குப் பின்னாடி இருக்கு. பதில் வரலேன்னா என்னை மறந்துட்டீங்கன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் எழுத மாட்டேன்."

வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். குப்பை வண்டி போயிருந்தது.

கையில் மிஞ்சியது ஈரத் தபால்தலை மட்டும். அதன்மேல் விழுந்த தபால் முத்திரையில் ஊர்ப் பெயரின் கடைசிப் பகுதி மட்டும் இருந்தது: 'கவா'. நதி என்று அர்த்தம். ஆற்றின் பெயர் வைக்காத ஊர் ஜப்பானில் எங்கே இருக்கிறது? ஆப்பிள் விளைவது வடக்கில்தான் என்று கணக்குப் போட்டு, 'கவா' என்று முடியும் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மகள் பெயருக்கு எழுதினார். ஒவ்வொன்றாக, 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்தன. அந்த உறைகளில் கத்தரியே படவில்லை. ஆல்பத்தையும் அவர் அப்புறம் திறக்கவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து ஒரு பெண் என் கடையில் நின்று, தமேஜி இன்னும் அதே வீட்டில்தானா என்று கேட்டாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நானே கூட்டிப்போனேன்.

அவள் உட்காரக்கூட இல்லை. "ஸ்டாம்ப் கெடச்சுதுல்ல, அது போதும்னு இருந்துட்டீங்க."

தமேஜி திரும்பி வந்த கடிதக் கட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். நடந்ததை நான்தான் சொன்னேன். கட்டில் மேலாக இருந்த உறையை அவள் எடுத்துப் பார்த்தாள்.

"குசுனோகி சிஹாருவா? உங்க குடும்பப் பேர்ல அங்க யாருமே இல்லியேப்பா. போன உடனே அம்மா கட்டிக்கிட்டவரோட குடும்பப் பேரை எனக்குப் போட்டுட்டாங்க. அதையும் உறையிலதானே எழுதியிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை உறைகளுக்கும் தபால்தலை விற்றவள் நான். பிள்ளைக்குப் பேர் மாறியிருக்கும் என்று எனக்கும்தான் தோன்றவில்லை.

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்," என்றாள். "கூப்பிட வரல. அங்க அப்பான்னா அவர்தான். உங்களை நாலு வார்த்தை கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். இப்ப நான் யார் மேல கோவப்படறது?"

"எம் மேலதாம்மா," என்றார் தமேஜி. "வேற யார் இருக்கா?"