முன்பக்கமாக ஏறப் பார்த்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணிக்கு வெளியே ஒரு கல்குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே வெடி வைப்பதற்காகப் பாறையில் துளை போடுகிறவர் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள். புருவமெல்லாம் எப்போதும் கல்தூசியாக இருக்கும்.

வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குக் கிளம்பமாட்டார். குவாரி ஓரத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒற்றைப் பாறை ஒன்று நின்றது. அதன் முன்பக்கத்தில் கயிறு இல்லாமல் வெறுங்கையால் ஏறுவார். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை வெளியே பிதுங்கியிருக்கும். அதுவரை போய்விட்டு இறங்கிவிடுவார்.

ஒரு நாள் அவர் இறங்கவில்லை. பிதுக்கத்தைப் பிடித்துத் தொங்கியபடி ஒரு கையை உச்சி விளிம்பில் வைத்துவிட்டார். மறு கை வழுக்கியது. விழுந்ததில் இடது கால் முறிந்தது.

பல மாதம் கழித்து நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தார். முதலாளி அந்தப் பாறையையே உடைக்கச் சொன்னார். பின்பக்கம் ஏணி சாத்தினார்கள். அவர் மேலே போய்த் துளை போட்டுவிட்டு இறங்கினார்.

"எப்படியோ உச்சிக்குப் போயிட்டீங்களேண்ணா" என்றேன்.

"ஏணில ஏறுனா ஏறுனதாப்பா? அத்த சாவடிக்க ஓட்டை போட்டுட்டு வந்துகிறேன்."

வெடித்தபோது நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். அவர் மட்டும் பாறைக்கு முதுகைக் காட்டி நின்றார். சத்தம் அடங்கியதும், திரும்பாமலே என்னிடம் சொன்னார்: "ஜல்தியா லோடு ஏத்திகினு போப்பா."