கோட்டுக்கு ஒரு ராடு

மல்லசமுத்திரம் சின்னண்ணன் தன் மனைவி முத்தாயம்மாளுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். முப்பத்து நான்கு வருஷத்துக் கடன். அந்தம்மா ஏலச்சீட்டு எடுத்த பணத்தை வாங்கித்தான் ஒரு பழைய போர்வெல் ரிக் வண்டியில் பங்கு சேர்ந்தார். இன்றைக்கு சத்தீஸ்கர் வரைக்கும் போய்ப் போர் போடும் வண்டிகள் அவருக்கு நான்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், எம்.ஏ. படித்தவரை மேனேஜராக வைத்துச் சம்பளம் கொடுக்கிறார் என்றால் சும்மாவா?

ஆனால் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் அவர் எடுத்துவிடும் பேச்சு ஒன்றுதான்.

"ஒத்த ரூவா கடன் வாங்காம மேல வந்தவனாக்கும் நானு!"

"அப்ப அந்தச் சீட்டுப் பணம்?" என்பார் முத்தாயம்மாள், கூட்டத்துக்கு நடுவிலேயே.

"ஊட்டுக்காரிகிட்ட வாங்குனா அது கடனா?"

பணமில்லாமல் இல்லை. சட்டைப்பையில் எப்போதும் கத்தையாக இருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டால் வாங்கினது உண்மையாகிவிடுமே, அங்கேதான் இடித்தது.

மருமகள் தனப்பிரியாவுக்குச் சேலத்தில் வங்கி வேலை. அவளுடைய நடைக்குழு கொல்லிமலையில் ஒரு போட்டி வைத்தது. இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். செல்போனை உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. மலையில் ஆறு இடத்தில் கொடி. ஒவ்வொன்றிலும் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு மதியம் ஒரு மணிக்குள் திரும்ப வேண்டும். சர்க்கரைக்கு நல்லது என்று மாமனார் மாமியார் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

மலைக்குக் கார் ஏறும்போது முத்தாயம்மாள் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, ஒரு பேச்சு. நீங்க வழி காட்டி நேரத்துக்குப் போயிச் சேந்தா, சீட்டுப் பணத்தைப் பத்தி இனி வாயே தொறக்க மாட்டேன். நான் வழி காட்டிச் சேந்தா, கடன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லி எண்ணி வெக்கோணும்."

"ஆகட்டும் புள்ள. கருங்கல்லைத் தொளச்சவனுக்கு இந்த மலையெல்லாம் ஒரு மலையா?"

புறப்படும் இடத்துப் பந்தலில், போட்டி நடத்தும் மோகன்குமார் வரைபடத்தை விளக்கினார். பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் ஓர் உயரம், அடுத்த கோடு பத்து மீட்டர் மேலே அல்லது கீழே, கோடுகள் நெருங்கினால் அங்கே செங்குத்து. சின்னண்ணன் அதைக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்களுக்கு ரிக் வண்டி விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று கொடிகள் பலாத்தோட்டத்துப் பாதையிலேயே கிடைத்தன. நான்காவதற்கு, வரைபடத்தின்மேல் ஒரு குச்சியை நேராக வைத்தார்.

"போர் எப்படிப் போகும்? நேராத்தான். சாஞ்சா அது போரே இல்ல. வா!"

காப்பிச்செடிக்குள் புகுந்து, மிளகுக்கொடியில் சிக்கி, சரிவில் பாதி தூரம் உட்கார்ந்தபடியே வழுக்கினார்கள். மருமகள் வாங்கித் தந்த புது ஷூ வாயைப் பிளந்தது.

மேலிருந்து அந்தப் பையன்கள் கத்தினார்கள். "தாத்தா, அந்தப் பக்கம் வழி இல்லீங்க!"

"நாங்க போனா அதுதான் வழி. நீ போ சாமி!"

வழி ஓர் ஓடையில் முடிந்தது. எதிரே லாரியைத் தூக்கி நிறுத்தினது போல் பாறை. மணி பதினொன்று. சின்னண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"வழி காட்டி முடிச்சாச்சுங்களா?"

"தண்ணி குடிச்சுக்கறேன். அது வரைக்கும் நீ பாரு."

முத்தாயம்மாள் வரைபடத்தை மடியில் விரித்தார். எங்கே போர் போட்டாலும், துளை போடும் இருபதடி ராடு எத்தனை உள்ளே இறங்கியது என்று வண்டியிலிருந்து போன் வரும். முப்பது வருஷமாக அதை எழுதி வைப்பது அவர்தான்.

"இந்தக் கோடு ஒண்ணொண்ணும் ஒரு ராடுன்னு வெச்சுக்கோங்க. பதினாலு ராடு எறங்கிட்டோம். இனிப் பாறையில பதினாறு ராடு ஏறோணும். சுத்திப் போயிருந்தா மொத்தமே ரெண்டு ராடுதான். எந்த மடையன் இந்தக் கணக்குக்குப் போர் போடுவான்?"

"மடையன்னா யாரு?"

"பொதுவாச் சொன்னேனுங்க. ஓடையோட மேல போலாம், அங்க கோடு அகல அகலமாக் கெடக்குது. அதுக்கப்புறம் கோட்டைத் தாண்டறதே கெடையாது. எவ்வளவு வளைஞ்சாலும் அதே கோட்டோட."

"வளைஞ்சு போறதெல்லாம் ஒரு போக்கா?"

"நாம நடக்க வந்திருக்கோமுங்க, தோண்ட வரல."

நான்காவது கொடி கிடைத்தது. ஏறாமல் இறங்காமல் மலை இடுப்பைச் சுற்றிப்போன ஒற்றையடிப் பாதையில் ஐந்தாவதும் ஆறாவதும் கிடைத்தன. ஆறாவது கொடியிலிருந்து பார்த்தால் பந்தல் காலடியிலேயே தெரிந்தது. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. சின்னண்ணனுக்கு உயிர் வந்தது. இதில் தான் முந்திக்கொண்டால் வழி காட்டியது தானாகிவிடும்.

"நேரா எறங்குனா பத்தே நிமிசம். என்ற பின்னால வா!"

"இங்க கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்குதுங்க."

நாலு எட்டு வைத்து எட்டிப் பார்த்தார். கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. திரும்பி வந்து, மனைவிக்குப் பின்னால் நடந்தார். எந்த ஊரிலும் யார் பின்னாலும் நடந்து பழகாத மனிதர்.

பன்னிரண்டு ஐம்பத்தாறுக்குப் பந்தலைத் தொட்டார்கள். முப்பத்து நான்கு ஜோடியில் முப்பத்தொன்றாவது. இருக்கிறதிலேயே வயதான ஜோடி என்று மோகன்குமார் மைக்கை நீட்டினார். "ஐயா, ரெண்டு வார்த்தை."

மைக் கிடைத்தால் விடுகிற ஆளா!

"நான் அஞ்சாவதுதான் படிச்சேன். நாலு ரிக்கு வெச்சிருக்கேன். ஒத்த ரூவா கடன்..."

முத்தாயம்மாள் குனிந்து காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடச் சின்னண்ணன் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

"...பன்னெண்டாயிரம் கடன் வாங்கித்தான் ஆரம்பிச்சேன். இந்தம்மாகிட்ட. இன்னிக்கு வழி காட்டுனதும் இந்தம்மாதான்."

கூட்டத்தில் நின்ற தனப்பிரியா விசிலே அடித்துவிட்டாள். முத்தாயம்மாள் முள்ளைச் சுண்டி எறிந்துவிட்டுக் கையை நீட்டினார்.

"வட்டி வேண்டாமுங்க. எண்ணுங்க."

சட்டைப்பையிலிருந்து கத்தை வெளியே வந்தது. வியர்வையில் நோட்டெல்லாம் ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, விரித்த அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"ஐநூறு... ஆயிரம்..."

"சத்தமா எண்ணுங்க."

"பதினொண்ணாயிரத்து ஐநூறு," என்று மைக்கிலேயே சொல்லி, கடைசி நோட்டை வைத்தார். "பன்னெண்டாயிரம்."