ஸ்டெல்லாவின் வெறும் சார்ட்

...இல்லை, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மூக்கில் ஏறி நாக்கில் வந்து துவர்க்கும். ஆம்பூர் பக்கத்து எங்கள் ஊரில், தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலைக்குப் போன பெண்கள் சாயங்காலம் தெருவில் நடந்து வந்தால் அந்த வாசனை முன்னால் வரும், அவர்கள் பின்னால் வருவார்கள்.

ஸ்டெல்லாவின் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஸ்டெல்லா யார் என்று கேட்கிறீர்களா? ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். போன வாரம் எங்கள் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் போட்டோ வந்தது. ஷூ கம்பெனியில் கலர் செக்‌ஷனுக்கே மேடமாம். கண்ணாடி, கோட்டு, கையில் கலர் கலராகத் தோல் துண்டுகள்... எல்லோரும் ஹார்ட் போட்டார்கள். நானும் போட்டேன். முருகா, அந்த ஒரு ஹார்ட் போட என் விரல் எவ்வளவு கஷ்டப்பட்டது என்று உனக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் ஸ்கூலில் சயின்ஸ் கண்காட்சி வைத்தார்கள். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவளை மட்டும் டீச்சர் வேலூரில் நடக்கிற பெரிய கண்காட்சிக்குக் கூட்டிப் போவார். வேலூர் இன்னா பெரிய தூரமா என்பீர்கள். நான் அதுவரை பார்த்ததில்லை. கோட்டை இருக்கிறது, சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்று கேள்விதான். அந்த பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் நான் உட்கார்ந்து போவது போலத் தினமும் கனவு.

என் கை கோலத்துக்கென்றே பிறந்த கை. அதனால் ஒரு யோசனை செய்தேன். சார்ட் முழுக்கப் பசை தடவி, கோலப்பொடியாலேயே மனுஷ இதயம் வரைந்தேன். நல்ல ரத்தம் சிவப்பு, கெட்ட ரத்தம் நீலம். சயின்ஸும் இருக்கிறது, கலையும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஸ்டெல்லா ஒரு பழுப்புச் சார்ட்டைக் கொண்டுவந்து மாட்டினாள். அதில் ஒன்றுமே இல்லை. வெறும் சார்ட்.

"இன்னாடி ஸ்டெல்லா, வரையறதுக்கு மறந்துட்டியா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"இரு கோமு, டீச்சர் வரட்டும்" என்றாள். அவ்வளவுதான். அந்த அமைதிதான் எனக்கு ஆகாது.

டீச்சர் முதலில் என்னிடம் வந்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு, "ஏம்மா கோமதி, கலர்லாம் சூப்பரா கீது. ஆனா ஒன் மனுஷனுக்கு எடம் வலம் மாறிப்போச்சே! ரத்தம் ரிவர்ஸ்ல ஓடுது!" என்றார்.

என் இடது பக்கம் எதுவோ, அதுதானே படத்துக்கும் இடது பக்கம் என்று போட்டிருந்தேன். படத்தில் இருப்பவன் நம்மைப் பார்த்து நிற்கிறான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அடுத்தது ஸ்டெல்லா. கல்யாண வீட்டில் வைக்கிற பன்னீர்ச் செம்பு ஒன்றைக் கையில் எடுத்தாள். அன்றைக்குக் கிருத்திகை. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. 'முருகா, அந்தச் சார்ட் வெறும் சார்ட்டாவே இருக்கணும்' என்று வேண்டிக்கொண்டேன். அவர் அன்றைக்கு வேறு யார் விஷயத்திலோ பிஸி.

செம்பில் இருந்ததைத் தெளித்தாள். தெளித்த இடமெல்லாம் கறுப்பாகக் கோடு கிளம்பியது... வளைந்து, சுழன்று, ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு, மெல்ல ஒரு பெரிய சிக்குக் கோலம் எழுந்து வந்தது. மழை நின்ற பிறகு மலை தெரியுமே, அந்த மாதிரி.

"இன்னா மாயம்டி இது?" என்றார் டீச்சர்.

"மாயம்லாம் இல்ல டீச்சர். கடுக்கா தண்ணில வரைஞ்சேன், காஞ்சா கண்ணுக்குத் தெரியாது. செம்புல கீறது துருப்புடிச்ச ஆணிய புளிச்ச கஞ்சில ஊறவெச்ச தண்ணி. ரெண்டும் சேந்தா கறுப்பாய்டும். அம்மா ஒரு வாட்டி ஷாப்புல கடுக்கா தண்ணிய இரும்பு பக்கெட்ல ஊத்திட்டாங்க. தோலெல்லாம் கறுத்துப்போய் மேஸ்திரி ஒரே பேஜார் பண்ணிட்டாரு. அம்மா அழுதுனே வந்தாங்க. எனக்கு மட்டும், அந்தக் கறுப்பு எவ்ளோ அழகா கீதுன்னு தோணிச்சி டீச்சர்."

அம்மா திட்டு வாங்கியதில்கூட ஒரு படத்தைப் பார்த்திருக்கிறாள் பாருங்கள். எனக்கு அப்படி ஒரு புத்தி வரவில்லையே என்று வயிறு எரிந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட் அவளுக்கு. திரும்பி வந்து, "கோட்டைல எவ்ளோ தண்ணி தெரியுமா கோமு" என்று ஒரு வாரம் சொன்னாள். நான் எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

இப்போது அதே வேலூரில், சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். கோட்டையை மாதத்தில் நாலு தடவை பார்க்கிறேன், ஒன்றும் தோன்றுவதில்லை. பேத்தி சனிக்கிழமை ஏதோ கிளாஸுக்குப் போகிறாள். சயின்ஸையும் டிராயிங்கையும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்களாம். எல்லாம் டப்பாவில் ரெடியாக வருகிறது. ஊற்ற வேண்டியது, கலக்க வேண்டியது, போட்டோ எடுக்க வேண்டியது. அவர்களுக்குள் பொறாமைகூட இல்லை. எல்லாக் குழந்தைக்கும் ஒரே மெடல்! எங்களுக்கெல்லாம் ஒரே ஒரு ஜன்னல் சீட்தான். அதனால்தானோ என்னவோ, இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோலம் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஒரு புள்ளி கோணவில்லை, ஒரு வரிசை பிசகவில்லை...

ஐயோ, இருங்கள்.

புள்ளி.

கண்காட்சிக்கு ரெண்டு நாள் முன்னால், சாப்பாட்டு பெல் அடித்த பிறகு, ஒரு பழுப்புச் சார்ட்டை என் முன்னால் விரித்து, "கோமு, எங்க ஊட்ல கோலம் போடமாட்டாங்கடி. பென்சில்ல லேசா புள்ளி மட்டும் வெச்சிக் குடேன், மேல எழுதிக்கினு அப்பறம் அழிச்சிடுறேன். ஒன்னிய மாதிரி நேரா யாருக்கு வரும்" என்றாளே... அத்தனை புள்ளியும் வைத்துக் கொடுத்தது நான்தான்.