நாவலுக்கு முன் ஒரு வீட்டுப்பாடம்

மேசைமேல் சணல் கயிறு பிரிக்காத ஒரு புத்தகக் கட்டு இருந்தது. எங்கள் வகுப்புக்கு வந்த துணைப்பாட நாவல். தமிழ் டீச்சர் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "பொங்கல் லீவு முடியிற வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது. முதல்ல நீங்க தயாராகணும்" என்றார். நடவுக்கு வயலைத் தயார் செய்வது எங்களுக்குத் தெரியும். நாவலுக்கு என்ன செய்வது? பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "குளிச்சிட்டு வரணுமா டீச்சர்?" என்று கேட்டான். "நீ குளிச்சிட்டு வந்தா எல்லாருக்குமே நல்லது" என்றார் டீச்சர். வகுப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பேரப் பசங்களா, நீங்களும் பள்ளியில் இப்படி ஒரு நாவல் படிக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் நாவலில் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண், தான் இனி யார் வீட்டுப் பெண் என்று தெரியாமல் நிற்பாள். அதற்காக டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான்: "ஒவ்வொரு வீட்டுலயும் பேச்சுல வராத ஆள் ஒருத்தர் இருப்பாங்க. யாருன்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாம். சாப்பிடும்போது அவங்களைப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டுச் சும்மா இருங்க."

எங்கள் வீட்டில் அது அக்கா. ஆட்சி மாறி, ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்று சட்டம் வந்த புதிது. அக்கா நாகப்பட்டினத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையை அப்படித்தான் கட்டிக்கொண்டாள். அப்பா குத்தகை விவசாயி. நிலத்தை விட்டுக் கிளப்பப் பண்ணையார் ஆள் அனுப்பியபோது, கொடியோடு வரப்பில் நின்று, பாடுபடுகிறவன் எல்லாம் ஒண்ணு என்று தொண்டை கட்டும்வரை கத்தியவர். அந்த ஒண்ணுக்குள் கடலில் பாடுபடுகிறவர்களைச் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் வரிசை போக வேண்டும்: பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. அக்காவுக்கு எதுவும் போகவில்லை. இந்த வருஷமும் விட்டால் பிறகு எப்போதும் இல்லை என்று அம்மா அடுப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று சோற்றைப் பிசைந்தபடியே கேட்டேன்: "அக்கா வீட்டுக்குக் கரும்பை யாருப்பா எடுத்துட்டுப் போறது?"

ரசக் கரண்டி அம்மா கையிலேயே நின்றுவிட்டது. டீச்சர் சொன்னபடி நான் சும்மா இருந்தேன். அவ்வளவு கஷ்டமான வீட்டுப்பாடம் அதற்குப் பிறகு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அப்பா மோர் கேட்டார். சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "பஸ்ஸுல கரும்பு ஏத்த விடுவானா?" என்றார்.

"தோகையைக் கழிச்சிட்டா விடுவாங்க" என்றாள் அம்மா.

"தோகை இல்லாம என்ன கரும்பு? சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?"

அந்த வீட்டை அவர் சம்பந்தி வீடு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா அடுப்படிக்குள் போய், வேலையே இல்லாமல் பாத்திரங்களை உருட்டினாள்.

மறுநாள் வகுப்பில் ஒரே கதை. ஓடிப்போன சித்தப்பாவைப் பற்றிக் கேட்டவன் முதுகில் அகப்பை விழுந்ததாம். ஆனால் அடித்த கையோடு அவன் பாட்டி, சித்தப்பா எப்படிச் சிரிப்பார் என்று விடிய விடியச் சொன்னாளாம்.

போகிக்கு முன்தினம் அப்பாவும் நானும் தோகைக் கரும்போடு பஸ் ஏறினோம். "பெரியவரே, தோகை டிரைவர் காதைக் குடையுது" என்று கண்டக்டர் வழியெல்லாம் புலம்பினார். நாகப்பட்டினத்தில் அக்காவின் மாமியார் வாசலுக்கே வந்தார். "வாங்க சம்பந்தி. ஏன் இவ்வளவு நாளு?"

அப்பா செருப்பைக் கழற்றினார். "பஸ் லேட்டுங்க" என்றார்.

உள்ளேயிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்போடு அழுகையும் சேர்ந்திருந்தது என்பது, அவள் வெளியே வந்து அப்பா கையிலிருந்த கரும்பை வாங்கும்போதுதான் தெரிந்தது.

லீவு முடிந்ததும் நாவலைப் படித்தோம். அதில் வரும் அப்பா கடைசிவரை கதவைத் திறக்கவே மாட்டார். கல்நெஞ்சக்காரன் என்று வகுப்பே அவரைத் திட்டியது. டீச்சர் என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்றார்.

"அவங்க வீட்டுல யாரும் கேக்கலை போல, டீச்சர்" என்றேன்.