திராட்சைக்கு முடி வெட்டும் சித்தி

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை நான் சித்தி வீட்டிலிருந்து பெட்டியோடு கிளம்பியபோது, சித்தி ஏணியில் நின்று திராட்சைக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அப்படித்தான் சொல்வாள். பட்டாணி அளவுக் காய்களில் மூன்றில் ஒன்றைக் கத்தரித்துவிடுவாள். மிச்சம் தாராளமாகப் பருக்க வேண்டும்.

"அய்யோ, அதுவும் போச்சா!" ஏணியைப் பிடித்திருந்த சித்தப்பா ஒவ்வொரு காய்க்கும் அலறினார்.

"உங்க தலையில வெட்டறப்பகூட இவ்வளவு அழமாட்டீங்களே."

"அங்க போறதுக்கு என்ன இருக்கு?"

வீட்டின் முன்னறைதான் சித்தியின் சலூன், ஒரே நாற்காலி. கொடி பின்சுவரில். அந்தக் குளிர்நாட்டு ஊரில் கோடை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அக்டோபர் பாதியில் உறைபனி இறங்கிவிடும். அதனால் தெற்குப் பார்த்த அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து, கிடைக்கிற வெயிலைக் கொடிமேலேயே திருப்பிவிட்டிருந்தாள்.

முதல் இரண்டு வருடமும் தொழில்புத்தி காலை வாரியது. "நுனி வெட்டினா அடர்த்தியா வளரும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வதையே கொடிக்கும் செய்தாள். வளர்ந்தது, இலை. அந்த இருட்டுக்குள் காய் பழுக்காமல் பூசணம் பிடித்தது.

டாக்சி ஓட்டும் சித்தப்பா கெடு வைத்தார்: "இந்த வருஷமும் இனிக்கலைன்னா, கொடியைப் பிடுங்கிட்டு காருக்குக் கொட்டகை போட்டுருவேன்."

"போடுங்க. அதுலயே படுத்துக்கங்க."

சிரித்தாளே தவிர, பயம் இருந்தது. முப்பது கொத்தில் எட்டை மட்டும் விட்டுவைத்தாள். நான் தங்கியிருந்த ஆறு வாரமும் மழை நின்ற மறுநிமிடம் ஜன்னல் வழியே ஒயரை இழுத்துக்கொண்டு ஓடி, டிரையரால் கொத்துகளை உலர்த்துவாள்.

"என் தலை ஈரமா இருக்கும்மா!" உள்ளேயிருந்து ஒரு மூத்த வாடிக்கையாளர் கூப்பிடுவார்.

"நீங்க பழுத்தாச்சு, தாங்குவீங்க. இதுங்க பச்சப்புள்ளைங்க!"

மூன்று வருடமாக எந்த ஊரிலும் கால் தரிக்காத நான், ஒரே சுவரை அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே ஆறு வாரம் இருந்திருக்கிறேன்.

சுற்றியது போதுமென்று வீடு வந்து சேர்ந்தபின், அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு வீடியோ வந்தது. கறுத்துக் குண்டான ஒரு கொத்து, பக்கத்தில் சித்தி. படம்பிடிக்கும் சித்தப்பாவின் வாயில் ஒரு பழம் நறுக்கென்று உடைகிறது.

"கார் வெளியிலேயே நிக்கட்டும்" என்கிறார். "இன்னொண்ணு குடு."

சித்தி கொடுக்கவில்லை. கைக்கண்ணாடியை எடுத்துக் கொத்துக்குப் பின்னால் பிடித்து, "பின்பக்கம் சரியா இருக்கா, பாருங்க" என்று இடமும் வலமுமாக மெல்லத் திருப்பிக் காட்டுகிறாள்.