மின்சார வண்டி கை நனைத்த கதை

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்குச் சவாரி கிடைக்கவில்லையே என்பது கவலை. மின்சாரக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவனுக்குத் தூரச் சவாரி கிடைத்துவிட்டதே என்பதும் கவலை.

இந்த இரண்டாவது கவலையை அனுபவித்தவர்கள் எங்கள் புதுச்சேரியில் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். சாலையை ஒரு கண்ணாலும் திரை மூலையில் இருக்கும் சார்ஜ் சதவீதத்தை ஒரு கண்ணாலும் பார்த்தபடி போவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டீசலை விட்டது காற்று கெட்டுப்போகிறதே என்று அல்ல. என் இடது முழங்கால் கெட்டுப்போனதால். க்ளட்ச் இல்லாத வண்டி வேண்டும் என்று போனேன். இதைக் காட்டினார்கள். வாங்கிவிட்டேன்.

ஆணிப்பலகை

எங்கள் கார் ஸ்டாண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. வேப்பமரத்தில் ஒரு பலகை. பலகையில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு டிரைவரின் பெயர் எழுதிய வில்லை தொங்கும். மேலே இருக்கும் பெயருக்கு அடுத்த சவாரி. அது ரயிலடியாக இருந்தாலும் சரி, ராமேஸ்வரமாக இருந்தாலும் சரி, போயாக வேண்டும். மாட்டேன் என்றால் வில்லை கீழே போய்விடும். தொடர்ந்து மூன்று முறை மாட்டேன் என்றால் வில்லையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு அந்த நிழலில் வண்டியை நிறுத்த முடியாது. சவாரியைப் பாதியில் விட்டு, ஆட்களை அழைத்துவர வேறு வண்டி போனாலும் அது மாட்டேன் என்ற கணக்கில்தான் சேரும். இந்தச் சட்டத்தைப் போட்ட கூட்டத்தில் நானும் கை தூக்கியிருக்கிறேன். அப்போது எனக்கு டீசல் வண்டி.

புது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய அன்று ஸ்டாண்டுச் செயலாளர் கலியபெருமாள் அதை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து பின்பக்கம் பார்த்தார். புகைக்குழாயைத் தேடுகிறார் என்று புரிந்தது. நிமிர்ந்து என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "சாப்புடுது, ஆனா வெளிய ஒண்ணும் போவல. இது நல்லதுக்கில்ல ராமலிங்கண்ணே, யார்கிட்டயாவது காட்டுங்க."

சத்தம் இல்லாத வண்டி

என் வாடிக்கையாளர்களில் ஒரு மதாம் உண்டு. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவரையும் அவர் வீட்டுக்காரரையும் நான்தான் மாதா கோயிலுக்கு அழைத்துப்போவேன். அவர் என்னைப் பிரெஞ்சு மரியாதையில் "முசியே" என்றுதான் கூப்பிடுவார். பழைய வண்டியில் ஏறினால் காதைப் பொத்திக்கொள்வார். புது வண்டியில் ஏறியதும் முகம் மலர்ந்தது. "அப்பாடா, கப்பல்ல போற மாதிரி இருக்கு" என்றார்.

மூன்றாவது ஞாயிறு முகம் வாடியிருந்தது. வண்டியில் ஏதாவது குறையா என்று கேட்க எனக்குக் கூச்சம். கண்ணாடியில் பார்ப்பதும் தலையைத் திருப்புவதுமாக ஓட்டினேன். கோயில் வாசலில் வீட்டுக்காரர் இறங்கி முன்னால் நடந்ததும், அவரே குனிந்து மெதுவாகச் சொன்னார்: "நாப்பது வருஷமா கார்ல உக்காந்து இவரு என்ன முணுமுணுக்கிறாருன்னு இப்பத்தான் காதுல விழுது. பழைய வண்டியே தேவல, முசியே."

மாவும் வண்டியும்

மூலக்குளத்தில் எங்கள் வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான். அது இத்தனை நாளும் கிரைண்டருடையது. இப்போது வண்டியும் பங்குக்கு வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வீடு முழுக்கக் கரண்டு போய்விடும். ஆகவே நானும் என் மனைவி வசந்தாவும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பகலில் மாவு, இருட்டினால் வண்டி. அவள் மாவு அரைக்க மறந்த மறுநாள் எங்கள் வீட்டில் உப்புமா. நான் வண்டியை மாட்ட மறந்த மறுநாள் எனக்கு விடுமுறை. யார் அதிகம் மறந்தோம் என்று இருவரும் கணக்கு வைத்திருக்கிறோம். என் கணக்குப்படி அவள். அவள் கணக்கை நான் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மழை வந்து தெருவே இருட்டாகிவிட்டது. நாங்கள் வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். வண்டி முழுச் சார்ஜில் நின்றது. எதிர்வீட்டு அம்மா குடையோடு வந்தார். வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இந்த வண்டியிலிருந்து வீட்டுக்குக் கரண்டு எடுக்க வழி இல்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே மடக்கினார்: "இவ்ளோ கரண்ட உள்ள பூட்டி வச்சிக்கினு ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்துகினு இருக்கீங்களே, உங்கள என்னன்னு சொல்றது?"

வாய் திறக்காதவன்

பெட்ரோல் பங்கில் வாயே திறக்க வேண்டாம். விரலைக் காட்டினால் போதும். மின்சார வண்டிக்காரனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாதி நேரம் யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணே, இந்த பிளக் வேலை செய்யுமா? தம்பி, வண்டியைக் கொஞ்சம் நகர்த்துவீர்களா? என்னைப் போல் கூச்சம் உள்ளவனுக்கு இதைவிடக் க்ளட்சை மிதிப்பதே மேல்.

உழவர்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் சார்ஜர் உண்டு. ஒரு மத்தியானம் போனால், சார்ஜர் இடத்தில் ஒரு பெட்ரோல் கார். காருக்குள்ளே ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்றேன். நான் போட்டிருந்தது காக்கிச் சட்டை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி இறங்கியது. ஓட்டி வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, கடைக்குள்ள போய்ட்டு வந்துர்றோம், வண்டியப் பாத்துக்குங்க." அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் வண்டி போடும் ஜமால் பாயிடம் இதைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, உங்க வண்டிக்குக் கரண்டு வாய் வழியாத்தான் ஏறுது, அத முதல்ல தெரிஞ்சிக்குங்க."

மூன்றாவது சவாரி

என் பெயர் மேலே வந்தபோது ஒரு முறை பெங்களூர் வந்தது, மறு முறை கொடைக்கானல் வந்தது. இரண்டுக்கும் மாட்டேன் என்றேன். அடுத்த முறை பலகையைப் பார்க்கவே பயந்தேன். வந்தது வைத்திக்குப்பத்து அஞ்சலையம்மா. மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். மகன் சுகுமாருக்குப் பெண் பார்க்க, வீட்டுக்காரர், தம்பி எல்லோருமாகக் கிளம்புகிறார்கள். பூம்புகார்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். போய்ச் சேர ஒரு சார்ஜ் தாராளமாகப் போதும். திரும்பி வரத்தான் போதாது. வழியில் ஓர் ஓட்டலில் சார்ஜர் இருப்பது எனக்குத் தெரியும். போகும்போது அதில் ஒரு மணி நேரம் போட்டுக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். தலையை ஆட்டினேன்.

கலியபெருமாள் என் வில்லையைத் தொட்டுக் காட்டி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "போயிட்டுத் திரும்பி வந்தா இது இங்கயே இருக்கும். உங்கள இட்டுக்கினு வர வேற வண்டி கேட்டு போன் வந்துதுன்னா, இத உங்க வூட்டுக்கே கொண்டாந்து குடுத்துடுறேண்ணே."

நான்கு மணி நேரக் காபி

ஓட்டலில் சார்ஜர் மேல் கோணி போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. ரிப்பேராம். எப்போது சரியாகும் என்று காவலாளிக்கும் தெரியவில்லை. நல்ல நேரம் போய்விடும் என்று அஞ்சலையம்மா அவசரப்படுத்தினார். அப்படியே வண்டியை எடுத்தேன். பெண் வீட்டு வாசலில் நிறுத்தும்போது திரை முப்பத்தெட்டு காட்டியது. ஊருக்குத் திரும்ப அறுபத்தைந்தாவது வேண்டும். நான்கு மணி நேரம் வீட்டுக் கரண்டில் போட்டால் தாராளம்.

மெதுவாகச் சுகுமாரிடம் சொன்னேன். அவன் தாய்மாமனிடம் சொன்னான். அவர் பெண்ணின் அப்பாவிடம் சொன்னார். அவர் சந்தோஷமாக, "இதுக்கு என்ன கேள்வி? தண்ணி மோட்டார் பிளக்குல மாட்டுங்க" என்றார். நான் ஒயரைக் கையில் எடுத்தேன். அஞ்சலையம்மா கை நீட்டித் தடுத்தார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு முடிவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். இலை போட்டு உட்காரக் கூடாது. அவர்கள் வீட்டுக் கரண்டை இழுப்பது சோற்றுக் கணக்கா, காபிக் கணக்கா? பெண்ணின் அப்பா, "காபி குடுத்த மாதிரி நெனச்சிக்குங்கம்மா" என்றார். எதிர்வீட்டில் கேட்கலாம் என்றால் அது பெண்ணின் சித்தப்பா வீடு. அந்தத் தெருவே சொந்தம். அஞ்சலையம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏலத்தில் கேட்கிற குரலில் கேட்டார்: "நாலு மணி நேரம் குடிக்கிற காபிய எந்த ஊர்ல பாத்தீங்க?"

டிரைவருக்குச் சோறு

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனில் ஒரு வார்த்தை சொன்னால் ஜமால் பாய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவர்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேருவார்கள். நான் மட்டும் வில்லையோடு வீட்டில் உட்காரலாம். கையில் ஒயர் கனத்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வருடத்தில் எத்தனை பெண் பார்க்கும் வீடுகளுக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே கை நனைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வெளியே இலை போட்டு, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடச் சொல்வார்கள். டிரைவர் எந்த வீட்டுக்கும் சேர்த்தி இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "அம்மா, வண்டி உங்களது இல்ல, என்னது. டிரைவருக்குச் சோறு போடுறது எல்லா ஊர்லயும் உள்ள வழக்கம். எனக்குச் சோறு வேணாம். அத வண்டிக்குப் போடச் சொல்லுங்க."

இவ்வளவு நீளமாக நான் அந்நியர் முன்னால் பேசியதே இல்லை, காது சுட்டது. அஞ்சலையம்மா தம்பியைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "டிரைவரு சாப்பிடலாம். ஆனா வண்டி சாப்புட்டதுக்கு நாங்க பொறுப்பில்ல, இத எல்லாரும் கேட்டுக்குங்க."

எர்த்துக்குத் தண்ணீர்

மாட்டினேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் சரியில்லை என்று அர்த்தம். மனிதர்கள் ஒத்துக்கொண்டார்கள், பிளக் ஒத்துக்கொள்ளவில்லை. ஒயரைக் கழற்றி, பிளக்கைத் துடைத்து, மறுபடி மாட்டினேன். சிவப்புதான். கூடத்தில் பட்டுப் புடவையில் உட்காரவைத்திருந்த பெண் சங்கீதா, சன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சட்டென்று எழுந்து வெளியே வந்தாள். "அது மழைக்கு முன்ன காஞ்சி கெடக்கும்ணே. ஐஸ் பெட்டி வச்சப்பவும் இப்படித்தான் அடம் புடிச்சிது" என்று சொல்லி, புடவையை இடுப்பில் செருகி, சுவர் ஓரத்தில் எர்த் குழி இருந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். அவள் அம்மா உள்ளேயிருந்து, "புடவ, புடவ!" என்று கத்தினார். இரண்டாவது குடத்தைச் சுகுமார் தூக்கிவந்தான். மூன்றாவதையும் அவன்தான். மண் நன்றாக ஊறியதும் மாட்டினேன். விளக்கு பச்சை.

அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் பெண் வீட்டிலிருந்து எழுந்துவிடுவார்கள்; அன்று எழுந்திருக்கவே முடியவில்லை. பெரியவர்கள் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு, வலை, படகு, மீன் விலை என்று போனார்கள். சுகுமாரும் சங்கீதாவும் வண்டிக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு மோட்டார் பக்கம் நின்றார்கள். நான் தள்ளிப் போய்த் தென்னை நிழலில் உட்கார்ந்தேன். சோறு வேண்டாம் என்று சொன்ன எனக்கும் இலை வந்தது; சங்கரா மீன் குழம்பு. அறுபத்தைந்து தாண்டிய பிறகும் நான் ஒயரைக் கழற்றவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன்.

கடைசியில் பெண்ணைக் கூப்பிட்டு விருப்பம் கேட்டார்கள். சங்கீதா சுகுமாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தண்ணி தூக்குறாரு, நாம பேசுனா நடுவுல பேசாம கேக்குறாரு. எனக்குச் சரிதான்" என்றாள். கூடம் சிரித்தது. அஞ்சலையம்மா வெற்றிலைத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: "பேச்சு முடிஞ்சிது, எலயப் போடுங்க, காலையிலேர்ந்து பசி உயிரு போவுது!"

பலகையில்

மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அஞ்சலையம்மா மீன் கூடையோடு அங்கே நின்று, முழுக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார். நிச்சயத்துக்கும் இதே வண்டிதான் வேண்டும், கல்யாணத்துக்கும் இதே வண்டிதான் வேண்டும் என்றார். நிச்சயத்துக்கு டீசல் வண்டி வைத்தால் சீக்கிரம் போகலாமே என்று கலியபெருமாள் சொல்லிப் பார்த்தார். "சீக்கிரம் போயி என்ன பண்றது? அங்க உக்காந்து பேச வேணாமா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் அந்த அம்மா.

அவர் போனதும் பலகையைப் பார்த்தேன். என் வில்லை ஆணியில்தான் தொங்கியது. கலியபெருமாள் டீ கிளாசை வைத்துவிட்டு மற்ற டிரைவர்களைப் பார்த்துச் சொன்னார்: "ராமலிங்கண்ணன் வில்லைய எவனும் தொடாதீங்க. அவரு வண்டி இப்ப சம்மந்தி வூட்டு ஆளு."

மின்சார வண்டி வாங்கினால் பங்கில் வரிசையில் நிற்க வேண்டாம், ஆனால் வழியெல்லாம் மனிதர்களைக் கேட்டாக வேண்டும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாங்கியே இருக்க மாட்டேன். சொல்லாமல் விட்டாரே, அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.