தங்கை கையில் கார்னேஷன்

எழுபதுகளின் கடைசியில் நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். தங்கைக்கு ஜனவரியில் சர்ச்சில் கல்யாணம் என்று முடிவானதும், அவள் கையில் பிடிக்கும் பூச்செண்டுக்கு நானே பூ வளர்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன். அதுவும் கார்னேஷன். பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போனபோது பார்த்து மயங்கிய பூ. விதைப் பொட்டலமும் அங்கே வாங்கியதுதான்.

“இந்த ஊர் வெயில்ல ரோஜாவே கருகிப்போவுது. உனக்கு இன்னாத்துக்குடி இந்த வேலை?” என்றாள் அம்மா.

மழை தொடங்கியதும் வாடகை வீட்டு மொட்டை மாடியில் தொட்டிகளை அடுக்கி விதைத்தேன். சாம்பல் படிந்த பச்சையில் செடிகள் ஒல்லியாக நிமிர்ந்தன. டிசம்பரில் மொட்டு வந்தது. கூடவே தொல்லையும் வந்தது. சில மொட்டுகள் பக்கவாட்டில் வெடித்து, இதழெல்லாம் ஒரு புறமாகச் சரிந்தன. கிழிந்து குப்பைக்குப் போகவிருந்த ரப்பர் கையுறைகளைக் கழுவி எடுத்து வந்தேன். அவற்றின் விரல்களை மெல்லிய வளையங்களாக நறுக்கி, மிச்சமிருந்த மொட்டுகள் வெடிக்காமலிருக்க மாட்டினேன்.

துணி காயப்போட வந்த கீழ்வீட்டு முஸ்லிம் அம்மா, நாங்கள் ‘பாபி’ என்று கூப்பிடுபவர், அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னா சிஸ்டர், பூவுக்கும் ஆபரேஷனா?”

கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மொட்டுகள் வாயே திறக்கவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று.

“பனி ஜாஸ்தி, வெயில் கம்மி. தண்ணித் தொட்டி நிழல் வேற விழுது. நீங்க டியூட்டிக்குப் போங்க, நான் பாத்துக்கிறேன்” என்றார் பாபி. வெயில் நகர நகர, அவரே தொட்டிகளையும் நகர்த்தி வைத்தார்.

ஒரு காலை மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது.

“சிஸ்டர்! ஓடி வாங்க! பிரியாணி வாசனை வருது!”

ஓடினேன். இளஞ்சிவப்பில் ஒரு பூ முழுதாக விரிந்திருந்தது. முகர்ந்தேன். அசல் லவங்க வாசனை! இருவரும் சின்னப் பிள்ளைகள் போல மாறி மாறி முகர்ந்தோம்.

கல்யாணத்தன்று கை நிறையப் பூ கிடைத்தது. தங்கை செண்டை ஏந்தி நடந்து வந்தபோது, அம்மா கீர்த்தனைக்கு நடுவிலும் பக்கத்தில் இருந்தவர்களிடம், “பெரிய பொண்ணு வளர்த்தது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சித்திரை வெயிலில் செடிகள் காய்ந்துபோயின. அதற்காக நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது பாபி மாடியேறி வந்தார்.

“என் பொண்ணுக்கு நிக்கா பேசிட்டாங்க, சிஸ்டர். செவப்புல விதை கிடைக்குமா?”

அடுத்த லீவில் பெங்களூர் பஸ் ஏறினேன்.